பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த இன்ஜின் ஆயில்: நாங்கள் பார்த்தவை, பட்டவை

எம்ஜிபி வைத்திருப்பவர்

எந்த ஆயில் ஊற்றலாம் என்று கேட்டால் எடுத்த எடுப்பில் ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை பிராண்டு கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: பேரிங்குகளுக்கும் அவற்றில் சுழலும் தண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு, கேம் (சுழன்று வால்வுகளைத் திறக்கும் தண்டின் மேடு) எதன்மீது உரசுகிறது. ஆயில் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதை முதலாவது சொல்லும். அதற்குள் என்ன வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்பதை இரண்டாவது சொல்லும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் நல்ல இன்ஜின்கள் வீணாகின்றன. ஒன்று வீணானதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

என்னுடையது 1970களில் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நண்பர் ஒருவரிடமும் அதே கார், அதே 1,798 சிசி இன்ஜின். அவர் இன்ஜினை முழுவதுமாகப் பிரித்துப் புதுக் கேம் ஷாஃப்ட், புது டேப்பட்டுகள் (கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் சிறு உருளைகள்) போட்டுக் கட்ட வைத்தார். கட்டிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் புதிய கார்களுக்கு ஊற்றும் மெல்லிய ஆயிலை ஊற்றி, கார்பரேட்டர்களைச் சரிபார்ப்பதற்காக வண்டியை ஐடிலிங்கில் நெடுநேரம் ஓடவிட்டிருக்கிறார்கள். சில மாதங்களில் ஒரு சிலிண்டரில் வால்வு இடைவெளி தானாகக் கூடத் தொடங்கியது. சரிசெய்தால் அடுத்த முறை பார்க்கும்போது மறுபடியும் கூடியிருக்கும். பிறகு இழுவையும் குறைந்தது.

மறுபடியும் பிரித்தபோது நானும் இருந்தேன். இன்ஜின் கட்டுவதில் பழுத்த அனுபவமுள்ள ஒரு பெரியவர் டேப்பட் ஒன்றைத் துடைத்து என் கையில் கொடுத்து, "விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்" என்றார். இந்த வகை டேப்பட்டின் அடிப்பரப்பு பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அளவில் நடுவில் உயர்ந்திருக்கும். கேமின் முகடும் இம்மியளவு சரிவாகக் கடையப்பட்டிருக்கும். இந்த அமைப்பால் டேப்பட் ஒவ்வொரு அடிக்கும் சற்றே சுழன்றுகொண்டிருக்கும். தேய்மானம் ஓரிடத்தில் குவியாது. என் கையில் இருந்த டேப்பட்டோ நடுவில் கிண்ணம்போல் குழிந்திருந்தது. விளிம்பில் நகத்தை ஓட்டினால் சொரசொரவென்று தட்டியது. சுழற்சி நின்றுபோய் ஒரே கோட்டில் அறுபட்டதன் அடையாளம் அது. அதற்கு எதிரே இருந்த கேம் முகடு கூர்மை இழந்து மழுங்கிக் கிடந்தது.

"புதுக் கேமை முதல்முறை ஓட்டும்போது ஐடிலிங்கில் விடவே கூடாது" என்றார் பெரியவர். இன்ஜின் உயிர்பிடித்த உடனே நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்று வரை ஏற்றி, சுமார் 20 நிமிடம் இறக்காமல் வைத்திருக்க வேண்டுமாம். இப்படிப்பட்ட இன்ஜின்களில் கேமின்மீது தெறித்து விழும் ஆயில்தான் அதற்கு உயவு. சுற்று குறைந்தால் தெறிப்பும் குறையும்.

ஆயிலுக்கு வருகிறேன். கேமும் டேப்பட்டும் சந்திக்கும் கோட்டில் அழுத்தம் மிக அதிகம். ஆயில் படலம் மட்டும் அங்கே தாங்காது. அதற்காகத்தான் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த, சுருக்கமாக ஜெட்டிடிபி என்று அழைக்கப்படும் சேர்மத்தைப் பல பத்தாண்டுகளாகக் கலந்துவருகிறார்கள். உரசும் இடத்தில் சூடும் அழுத்தமும் ஏறும்போது அது உலோகத்தின்மீது ஒரு மெல்லிய காப்புப் படலமாகப் படிகிறது. உலோகத்துக்குப் பதில் அந்தப் படலம் தேயும். சிக்கல் என்னவென்றால், ஆயிலோடு எரிந்து வெளியேறும் பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது. அதனால் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரநிலைகளில் அதன் உச்சவரம்பைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2004இல் வந்த எஸ்எம் தரத்தில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்கு 0.08 சதவீதம்தான் உச்சம். கேம்மீது உருளைகள் ஓடும் இன்றைய இன்ஜின்களுக்கு அது போதும். என் காருக்குப் போதாது.

பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. அந்த உச்சவரம்பு 20டபிள்யூ-50 போன்ற தடித்த கிரேடுகளுக்குப் பொருந்தாது. ஆகவே, புதிய ஏபிஐ எழுத்துகள் அச்சிட்ட டின் எல்லாமே பழைய காருக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத் தாளில் துத்தநாகம், பாஸ்பரஸ் அளவு போட்டிருக்கும்; அதைத் தேடிப் படியுங்கள். டின்னின் முன்பக்கத்தில் "கிளாசிக்" என்று பெரிதாக எழுதியிருப்பது எதற்கும் சான்றாகாது.

அதேபோல, துத்தநாகம் நல்லது என்று கேள்விப்பட்டுச் சிறு பாட்டிலில் வரும் சேர்க்கைப் பொருளை வாங்கித் தாராளமாக ஊற்றுவதும் கூடாது. அளவுக்கு மிஞ்சிய ஜெட்டிடிபி உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். ஏற்கெனவே போதுமான அளவு உள்ள ஆயிலில் மேலும் சேர்த்தால் சமநிலை குலையும். சரியாகக் கலந்து வரும் ஆயிலை வாங்குவதே மேல்.

தடிமன் விஷயத்தில் எனக்கு வழிகாட்டி ஆயில் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ்தான். கையேட்டில் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலிங்கில் 10 முதல் 25 என்று இருக்கிறது. இதை இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பார்க்க வேண்டும். தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆயில் பின்தங்கித்தான் வரும். குளிர்ந்த இன்ஜினில் முள் உயரத்தில் நிற்பதைப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு 20டபிள்யூ-50இல் இந்த எல்லைக்குள் முள் நிற்கிறதென்றால் அதைவிடத் தடித்ததற்குப் போக வேண்டிய தேவையே இல்லை. தடித்த ஆயில் முள்ளை ஏற்றிக் காட்டும். பேரிங்குக்குள் போய்ச் சேரும் ஆயிலோ குறையும். தேய்ந்த பேரிங்கைத் தடித்த ஆயிலால் மறைப்பது நோயை மூடி வைப்பதற்குச் சமம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவினால் மட்டத்தை மட்டும் பார்க்காமல் மூக்கருகே கொண்டுபோங்கள். கார்பரேட்டரில் கலவை அதிகமாகப் போனாலோ சோக்கை நீண்ட நேரம் இழுத்து வைத்தாலோ பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். மட்டம் குறைய வேண்டிய ஆயில் கூடியிருக்கும். பெட்ரோல் வாடை வரும். அப்போது டின்னில் 50 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 50 அல்ல. அந்த நிலையில் எந்த ஆயில் சிறந்தது என்று விவாதிப்பது வீண். கார்பரேட்டரைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மற்றது.

காற்றால் குளிரும் 911 வைத்திருப்பவர்

எம்ஜிபி நண்பர் சொன்னதில் பெரும்பாலானவற்றை அப்படியே ஏற்கிறேன். என்னுடையது 1980களின் போர்ஷே 911 கரேரா, 3.2 லிட்டர். இதில் கேம் மேலே இருந்தாலும் வால்வுகளைத் தள்ளும் ராக்கர் கைகள் அதன்மீது சறுக்கித்தான் வேலை செய்கின்றன. எனவே மேலே கேம் இருக்கும் இன்ஜினுக்குத் துத்தநாகம் தேவையில்லை என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. டாட்சன் 240இசட்டின் இன்ஜினும் இப்படித்தான். கேம் மேலே, ராக்கரின் பட்டை அதன்மீது சறுக்குகிறது. கேம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும் அது உருள்கிறதா, சறுக்குகிறதா என்று கேளுங்கள்.

இந்த இன்ஜினில் ஆயிலுக்கு இரட்டை வேலை. உயவும் அதுவே, குளிர்விப்பில் பெரும்பங்கும் அதனுடையதே. டிரை சம்ப் அமைப்பு. தனித் தொட்டியில் பத்து லிட்டருக்கும் மேல் ஆயில் சுற்றிவருகிறது. மட்டம் பார்க்கும் முறையும் வேறு. இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், சமதளத்தில் நிற்க வேண்டும், ஐடிலிங்கில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வகைக் கார்களில் பழகிய ஒருவர் என் காரைப் பார்க்க வந்தபோது, அணைத்துக் குளிர்ந்த இன்ஜினில் டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு "ஆயிலே இல்லையே" என்று பதறி டின்னைத் திறந்துவிட்டார். நல்லவேளையாகத் தடுத்தேன். ஊற்றியிருந்தால், சூடேறியதும் மிகை ஆயில் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் தள்ளப்பட்டு, அங்கிருந்து புகையாக வெளியேறியிருக்கும்.

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. 20டபிள்யூ-50க்கும் 10டபிள்யூ-60க்கும் இடையே நடக்கும் சண்டையில், டபிள்யூக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான எண் மட்டுமே. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் சுழற்றிச் சோதிக்கிறார்கள். பின்னால் வரும் எண் 100 டிகிரியில் உள்ள பாகுத்தன்மை. 50 கிரேடு என்றால் 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸுக்குள். 20டபிள்யூ-50, 5டபிள்யூ-50 இரண்டும் சூட்டில் ஒரே வீச்சுக்குள்தான் அடங்கும். உறைபனிக் காலத்தில் காரை எடுக்காதவர்களுக்கு முன் எண் சிறியதாக இருப்பதால் பெரிய ஆதாயம் இல்லை. முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் இடைவெளி கூடக்கூட, சாதாரண ஆயிலில் அதை எட்டுவதற்குப் பாலிமர்களை அதிகமாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பாலிமர்கள் ஓட ஓட அறுபட்டு, ஆயில் தன் தடிமனை இழக்கும். நான் 15டபிள்யூ-50 சிந்தெடிக்கில் நிலைத்துவிட்டேன். வெயில்கால நெரிசலில்கூட ஆயில் அழுத்தம் ஆயிரம் சுற்றுக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்ற கணக்குக் குறைவதில்லை.

ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்

ரோட்டரி இன்ஜினைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7இல் கேமும் இல்லை, வால்வும் இல்லை. ஆகவே மேலே சொன்ன துத்தநாக விவாதம் இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே முக்கியம் வேறு. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்களுக்கு உயவு கொடுக்க, ஒரு சிறு பம்ப் சம்ப்பிலிருந்தே ஆயிலை எடுத்து எரியறைக்குள் செலுத்துகிறது. ஆயில் குறைவது பழுதல்ல, அந்த இன்ஜினின் வடிவமைப்பே அதுதான். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது இந்தக் கார் வைத்திருப்பவரின் கடமை. பழைய காரை வாங்கிய ஒருவர் "ஒரு சொட்டு ஆயில்கூடக் குறைவதில்லை" என்று பெருமையாகச் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது. பார்த்தால், அந்தப் பம்ப்பை முந்தைய உரிமையாளர் கழற்றி மூடியிருந்தார். அப்படிக் கழற்றினால் பெட்ரோலிலேயே டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தாக வேண்டும். புதியவருக்கு அதை யாருமே சொல்லியிருக்கவில்லை.

எரிந்து போகப்போகும் ஆயில் என்பதால் அது சாம்பல் படியாமல் எரிவது முக்கியம். நான் கையேடு சொல்லும் கிரேடில் மினரல் ஆயிலையே ஊற்றி, அடிக்கடி மாற்றிவிடுகிறேன்.

1990களின் இரு இருக்கைக் கார் வைத்திருப்பவர்

மேலே எழுதியவர்களின் கார்கள் என்னுடையதைவிட மூத்தவை. என்னைப் போன்றவர்கள் அவர்களுக்குச் சரியானதைத் தமக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சேர்க்கிறேன். என் காரில் கேடலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. வால்வு இடைவெளியை ஹைட்ராலிக் டேப்பட்டுகள் தாமே சரிசெய்துகொள்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் துளைகள் மிக நுண்ணியவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வந்தது. பழைய கார்தானே, தடித்த ஆயில் ஊற்றுங்கள் என்று ஆலோசனை சொன்னவர்கள் பலர். அப்படி ஊற்றிய வேறொருவர் காரில் சத்தம் முன்னைவிட நெடுநேரம் நீடித்ததைக் கேட்டேன். குளிர்ந்த தடித்த ஆயில் அந்தத் துளைகளுக்குள் போய்ச் சேரவே நேரம் பிடித்தது. நான் கையேட்டின் 10டபிள்யூ-30ஐ விடவில்லை. மாற்றும் இடைவெளியை மட்டும் குறைத்தேன். இரண்டு, மூன்று முறை மாற்றியதும் உள்ளே படிந்திருந்த பிசுக்குக் கரைந்து, சத்தம் அநேகமாக நின்றுவிட்டது.

ஃபில்டரையும் பாருங்கள். படுக்கை வாட்டில் அல்லது தலைகீழாகப் பொருத்தும் ஃபில்டரில், இன்ஜின் நின்றதும் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். மலிவான ஃபில்டரில் அது விறைத்துப்போனால், எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் ஒவ்வொரு காலையும் முதல் சில நொடிகள் இன்ஜின் வறட்டு ஓட்டம்தான்.

எம்ஜிபி வைத்திருப்பவர்

இந்த ஃபில்டர் விஷயத்தை வழிமொழிகிறேன். என் காரிலும் ஃபில்டரை மாற்றியதும் காலைக் கடகடப்பு போனது.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய கார் ஒழுகும் என்கிறார்களே, உண்மையா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஆரம்பகாலச் சிந்தெடிக்குகளில் சில, ரப்பர் சீல்களைச் சுருங்க வைத்தது உண்மை. இன்றைய கலவைகளில் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனால் அழுக்குப் படிவத்தால் அடைபட்டிருந்த பழைய கசிவை, சுத்தப்படுத்தும் திறன் கூடிய ஆயில் திறந்துவிடும். கசிந்தால் குற்றம் சீலுடையது. சீலை மாற்ற வேண்டும்.

கடைசியாக, ஆண்டுக்குச் சில முறை மட்டும் வெளியே எடுக்கும் கார்களுக்குக் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். குறுந்தூர ஓட்டத்தில் சேரும் ஈரமும் அமிலமும் ஆயிலிலேயே தங்கி, நிற்கும் மாதங்களில் பேரிங்கை அரிக்கும். நெடுநாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன்பே புது ஆயிலை ஊற்றி, அது எல்லா இடமும் பரவும்படி சூடேற ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ரேஸ் ஆயிலை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் துத்தநாகம் நிறைய இருந்தாலும், அமிலத்தை முறிக்கும் டிடர்ஜென்ட் பொதுவாகக் குறைவு. ஓரிரு போட்டிகளுக்குப் பிறகு வடித்துவிடுவார்கள் என்று எண்ணிச் செய்தது அது. பழைய ஃபில்டரை எறிவதற்கு முன் அறுத்து, மடிப்புகளை விரித்து, ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் கேம், டேப்பட் பக்கமிருந்து வந்திருக்கலாம். ஒட்டாமல் மினுங்குவது பெரும்பாலும் பேரிங்கினுடையது. எதைக் கண்டாலும் படம் எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.