வேபர் லாக்: தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

தஞ்சாவூர், திங்கள் இரவு

நம் கலைச்சொல் குழுவில் அனைவருக்கும் வணக்கம். ஒரு சொல் அவசரமாகத் தேவை.

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்துப் பிள்ளைகளுக்கு மோட்டார் செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி சாயங்காலம் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். பாடத்துக்கு வைத்திருக்கும் வண்டி ஒரு பழைய ஸ்டேஷன் வேகன். மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு கம்பேனியன், ஹெரால்டு வகையறா, 948 சிசி. திருவாரூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே கிடந்ததை இரண்டு வருடம் தட்டிக்கொட்டி, பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டார்கள். பார்க்கப் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. ஓட்ட ஆரம்பித்ததும்தான் சில்லறைக் கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டுகின்றன. கையேட்டின் கடைசி அத்தியாயத்துக்கே அதுதான் பெயர்.

பின்கதவு கடகடப்பு, பின்பக்கத்திலிருந்து உள்ளே வரும் புகை, பெட்ரோல் முள் ஆடுவது, இவற்றை எழுதிவிட்டேன். ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டேன். போன ஞாயிறு நண்பகல் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றோம். அங்கே நிற்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எஞ்சினை அணைத்தேன். கேட் திறந்தது, வண்டி கிளம்பவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, கார்புரேட்டருக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் வரவில்லை. பின்னால் ஆரன் சத்தம். பையன்கள் இறங்கி "ஏர் லாக்" என்று சொல்லி, குழாயின் ஜாயின்ட் ஒவ்வொன்றையும் முறுக்க ஆரம்பித்தார்கள். எந்த ஜாயின்டும் தளர்ந்திருக்கவில்லை. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகியிருந்தது. அதாவது வேபர் லாக்.

பட்டறையில் இரண்டுக்கும் ஏர் லாக் என்ற ஒரே சொல் இருப்பதால்தான் பையன் தப்பான இடத்தில் ஸ்பேனரைப் போடுகிறான். ஏர் லாக் வெளியிலிருந்து நுழைந்த காற்று, வேபர் லாக் உள்ளேயே பிறந்த ஆவி. இந்த வித்தியாசத்தைச் சொல்லே காட்ட வேண்டும். நான் "ஆவிப்பூட்டு" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

மன்னார்குடி, திங்கள் இரவு

அக்கா, 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழியில் மெக்கானிக்கல் தொடங்கியபோது சேர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் இதை "வேபர் லாக்" என்றே எழுதினோம், யாரும் கேட்கவில்லை.

விஷயம் மட்டும்: பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, கலவை. அதன் லேசான பகுதிகள் சுமார் 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும், கனமான பகுதிக்கு 200 டிகிரி வரை வேண்டும். இந்த வண்டியில் பம்ப் எஞ்சின் மேலேயே உட்கார்ந்து, எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் தண்டால் இயங்குகிறது. அது உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் கொதிப்பது இன்னும் சுலபம். ஓடும்போது ஃபேன் காற்றும் ஓடுகிற பெட்ரோலும் சூட்டை வாங்கிப் போகும். அணைத்த பிறகு எஞ்சினின் சூடு முழுவதும் பம்பில் ஏறும். அதனால்தான் கேட்டிலும் டீக்கடையிலும் வருகிறது. நீர்மத்துக்கென்று செய்த பம்ப் ஆவியைப் பிடித்தால் அதை அமுக்கும், விடும், அமுக்கும், விடும். ஒன்றும் நகராது.

ஜெர்மன்காரர்கள் இதற்குப் பூட்டு என்று சொல்வதில்லை, ஆவிக்குமிழ் என்ற பொருளில்தான் சொல் வைத்திருக்கிறார்கள். நானும் ஆவிக்குமிழ் பக்கம்.

கும்பகோணம், செவ்வாய் காலை

அன்பர்களே, "பூட்டு" இங்கே பொருந்தாது. காண் என்பதிலிருந்து காட்டு, உண் என்பதிலிருந்து ஊட்டு, அதுபோலப் பூண் என்பதிலிருந்து பூட்டு. பூணச் செய்வது, இணைப்பது என்பதே அதன் முதற்பொருள். வில்லில் நாணைப் பூட்டுகிறோம். செய்யுளின் ஈற்றுச் சொல்லும் முதற்சொல்லும் இணைந்து பொருள் தருவதைப் பூட்டுவில் பொருள்கோள் என்கிறோம். கதவுப் பூட்டு பின்னால் வந்த பொருள். குழாயில் எதுவும் எதனோடும் இணையவில்லையே, வழியல்லவா அடைபட்டது? ஆகவே "ஆவியடைப்பு". யகர உடம்படுமெய், எந்தச் சிக்கலும் இல்லை.

ஆவி என்ற சொல்லையும் சும்மா விட்டுவிடக் கூடாது. ஆவினன்குடி, ஆவியர் குடி, வையாவிக் கோப்பெரும் பேகன், கொட்டாவி...

(நம் புலவர் ஐயா இதற்குப் பிறகு எழுதிய மூன்று பத்திகளைக் குழுவின் கோப்பில் சேர்த்திருக்கிறேன். கொட்டாவி பற்றிய பகுதி உண்மையிலேயே சுவையானது, ஆனால் வெள்ளிக்கிழமைக்கு உதவாது. - மட்டுறுத்துநர்)

நீடாமங்கலம், செவ்வாய் மதியம்

எங்கள் ஊர் கேட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன்.

ஏர் லாக்கைத் தமிழாக்கி யாராவது "ஏர்ப்பூட்டு" என்று எழுதிவிடப் போகிறார்கள். சித்திரையில் நல்ல நாள் பார்த்து நாங்கள் ஏர் பூட்டுகிறோம், மாட்டுக்குப் பொட்டு வைத்து, படையல் போட்டு. அதைக் கையேட்டில் கோளாறு என்று படித்தால் ஊரே திரண்டு தஞ்சாவூருக்கு வரும்.

பம்புசெட்டில் எங்களுக்கு இது தினப்படி சங்கதி. ஃபுட்வால்வு கசிந்தாலோ சக்ஷன் பைப்பில் கீறல் இருந்தாலோ "காத்து பிடிச்சுக்கிச்சு" என்போம். சாணியைக் கரைத்து மேலே ஊற்றினால் சந்து அடைந்து தண்ணீர் ஏறும். அது வெளிக்காற்று. அக்கா சொல்வது வேறு என்று இப்போதுதான் எனக்கே விளங்குகிறது.

இதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "வெளியிலேர்ந்து ஒண்ணும் போகல, உள்ளுக்குள்ளயே உண்டாகி நகர விடாம பிடிச்சுக்குது, அவ்வளவுதானே? அது வாயுப்பிடிப்பு" என்றாள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கவா என்றும் கேட்டாள்.

திருவாரூர், செவ்வாய் இரவு

பட்டறைக்காரன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நாங்கள் எல்லாவற்றுக்கும் ஏர் லாக் என்றுதான் சொல்வோம். பெயரில் என்ன இருக்கிறது அக்கா, பம்பு மேல் ஈரத்துணியைப் போடுங்கள், பத்து நிமிடத்தில் கிளம்பும். எங்கள் அப்பா துணி இல்லாத நேரத்தில் வாய்க்கால் கரை வாழையில் பட்டையை உரித்து, பெட்ரோல் குழாயைச் சுற்றி அதே நாரால் கட்டுவார். பட்டையில் இருக்கிற தண்ணீர் சூட்டைக் குடித்துவிடும். அது காய்ந்து சுருங்குவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு.

நிரந்தரமாகச் செய்ய, சைலன்சர் பக்கம் போகிற பெட்ரோல் குழாயைத் தள்ளி வளைக்கணும். நடுவில் ஒரு தகடு மறைப்பு. பம்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் சூடு கடத்தாத தடிமன் பேக்கிங். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸுக்கு ஆகாது, அதையும் மாற்றிவிடுங்கள்.

முள் ஆடுவதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? புதுப் பெயின்ட் அடித்த வண்டி என்றால் எர்த்து போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கும். சுரண்டினீர்களா?

தஞ்சாவூர், செவ்வாய் இரவு

> சுரண்டினீர்களா?

சுரண்டினோம் அண்ணே. முள் நின்றுவிட்டது. "புவித்தொடர்பைச் சுத்தம் செய்க" என்று எழுதியிருக்கிறேன்.

மன்னார்குடி, செவ்வாய் இரவு

நாலு ரப்பர் டயர் மேல் நிற்கிற வண்டிக்கு ஏது புவி? பையன் கம்பியை மண்ணில் புதைக்கப் போகிறான். வீட்டு மின்சாரத்துக்குப் புவித்தொடர்பு சரி. காரில் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிப் போவது இரும்பு உடம்பு வழியாகத்தான். "உடல்தொடுப்பு" என்று போடுங்கள். பட்டறையில் "பாடி எர்த்து" என்பதற்கும் பக்கத்தில் வருகிறது.

(இது யாரும் எதிர்க்காமல் நிறைவேறியது. இந்தக் குழுவில் இதற்கு முன் அப்படி நடந்ததாக எனக்கு நினைவில்லை. - மட்டுறுத்துநர்)

காரைக்கால், புதன் காலை

எல்லாரும் பம்பைப் பிடித்துக்கொண்டு வண்டியை விட்டுவிட்டீர்களே. ஸ்டேஷன் வேகனுக்குத் தமிழ் என்ன? ரயிலடியிலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிப் போன வண்டி என்பதால் அமெரிக்காவில் வந்த பெயர். நம்மூரில் ரயிலடிக்கு ஜட்கா போனது, அதற்காகக் காரை ஜட்கா என்று சொல்ல முடியுமா? எங்கள் ஊரில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் இந்த வகைக் காரை "பிரேக்" என்பார்கள், பிரெஞ்சில் அதுதான் பெயர். "என் பிரேக்கில் பிரேக் பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

கும்பகோணம், புதன் காலை

வையம் என்ற சொல் இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? புகாரில் கடலாடப் போகையில் கோவலன் அத்திரி (கோவேறு கழுதை) ஏறுகிறான், மாதவி வையம் ஏறுகிறாள். கூரை போட்ட வண்டி. சிலம்பில் நம் ஆற்று முகத்திலேயே ஓடிய வண்டியின் பெயர். கூடவே ஸ்டெப்னியையும் தீர்த்துவிடலாம்: உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிப் போன "சேம அச்சு", அதாவது மாற்று அச்சு, புறநானூறு 102இல் இருக்கிறது. ஆகவே சேமச் சக்கரம்.

காரைக்கால், புதன் மதியம்

ஐயா, சேமச் சக்கரத்துக்கு இரண்டு கையும் தூக்குகிறேன். ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர், நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? ஆனால் "வையத்தின் பின்கதவு கடகடக்கிறது" என்று எழுதினால் நிலநடுக்கம் என்று நினைப்பார்கள்.

தஞ்சாவூர், புதன் இரவு

வண்டிக்கு ஸ்டேஷன் வேகன் என்றே இருக்கட்டும், என்னிடம் நேரமில்லை. சேமச் சக்கரம் எடுத்துக்கொண்டேன், அடைப்புக்குள் ஸ்டெப்னி.

ஆவியடைப்பில் எனக்கு ஒரு சந்தேகம். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன், "குக்கர் வெயிட் மாதிரியா டீச்சர்?" என்றான். ஆவியை அடைப்பது என்று எடுத்துக்கொண்டான். ஆவியால் அடைபடுவது என்று அவனுக்குத் தோன்றவில்லை. இரண்டாம் வேற்றுமையா மூன்றாம் வேற்றுமையா என்று தொகையில் எப்படித் தெரியும்?

கும்பகோணம், புதன் இரவு

மாரடைப்பு என்றால் மார்பு எதையோ அடைக்கிறது என்று யாராவது எண்ணுகிறார்களா அம்மா? பழகினால் தொகை தானே விரியும். பையனுக்குப் பத்து நாள் கொடுங்கள்.

நீடாமங்கலம், வியாழன் காலை

பத்து நாள் எதற்கு? வாயுப்பிடிப்பை நான் சிரிக்கத்தான் எழுதினேன், இப்போது யோசித்தால் அக்கா முதல் நாள் வைத்த சோதனையில் அது ஒன்றுதான் தேறுகிறது. வாயுப்பிடிப்பு வந்தவனிடம் எந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்தது என்று யாரும் தேடுவதில்லை. ஆவியடைப்பில் ஆவி எங்கிருந்து வந்தது என்ற செய்தி இருக்கிறதா?

கும்பகோணம், வியாழன் காலை

வாயு வடசொல். வேண்டுமானால் வளிப்பிடிப்பு. வள்ளுவரே "வளிமுதலா எண்ணிய மூன்று" என்று மருந்து அதிகாரத்தில் வைத்திருக்கிறார்.

மன்னார்குடி, வியாழன் மதியம்

வளி என்றால் எங்கள் பாடநூல்களில் காற்று. சுற்றிச் சுற்றி ஏர் லாக்கிலேயே வந்து நிற்கிறோம் ஐயா. வாயு, ஆவி இரண்டும் இயற்பியலில் வேறு என்பதும் இருக்கிறது. குமிழை யாரும் கவனிக்காததால் என் ஓட்டை ஆவியடைப்புக்கு மாற்றிக்கொள்கிறேன். குமிழ் அழகான சொல் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

திருவாரூர், வியாழன் இரவு

வளிப்பிடிப்பு என்று என் பட்டறையில் சொன்னால் யாருக்கு வலி என்று கேட்பார்கள். வாயுப்பிடிப்பு என்று இன்று ஒருமுறை சொன்னேன், உதவிக்கு நிற்கிற பொடியன் தானாகவே ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனான்.

மட்டுறுத்துநர், வியாழன் இரவு

மணி பதினொன்று. ஆவியடைப்பு 5, வாயுப்பிடிப்பு 3, வளிப்பிடிப்பு 1. புலவர் ஐயா தம் ஓட்டை ஆவியடைப்புக்கும் வளிப்பிடிப்புக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார், இரண்டையும் எண்ணிவிட்டேன், சண்டை போடத் தெம்பில்லை. 1916இல் சேலத்தில் ராஜாஜி கலைச்சொல் ஆக்கப் பரிபாஷைச் சங்கம் வைத்த காலத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

தஞ்சாவூர், சனி காலை

அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பு ஆவியடைப்பு. கீழே முதல் வரி: "இது ஏர் லாக் அல்ல. ஜாயின்டை முறுக்கும் முன் பம்பைத் தொட்டுப் பாருங்கள்." வாழைப்பட்டையையும் சேர்த்துவிட்டேன் அண்ணே, படத்தோடு.

இன்று காலை வண்டியை மறுபடி எடுத்தோம். தகடும் தடிமன் பேக்கிங்கும் போட்டாயிற்று. நீடாமங்கலம் கேட்டில் இருபது நிமிடம் நின்றோம், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் கரும்பலகையில் பையன்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: "வாயு பிடிப்பு, தீர்ந்தது." நான் அழிக்கவில்லை.

கும்பகோணம், சனி மதியம்

அழிக்க வேண்டாம் அம்மா. ஆனால் நடுவில் ப் மிகும். அதை மட்டும் போடச் சொல்லுங்கள்.