டிஎல்ஏ பிளஸ்ஸில் டைப் ஏன் இல்லை?

வரிசைக்குறி:
பணப்பரிமாற்ற சேவை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒரே தொகை இரண்டு முறை கழிகிற பிழையை மூன்று வாரம் துரத்தி, கடைசியில் கோளாறு டிசைனிலேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் டிஎல்ஏ பிளஸ் (டிசைனைக் கணிதமாக எழுதிச் சரிபார்க்க உதவும் மொழி) பக்கம் வந்தேன். பத்து வருடமாக ஜாவா எழுதுகிறவனுக்கு இது பிடிபடவே மாட்டேன் என்கிறது. டைப் அறிவிப்பு, அதாவது மாறியில் எந்த வகை மதிப்பு வரும் என்ற அறிவிப்பு, கிடையாது. எண் இருக்க வேண்டிய மாறியில் சரம் வந்து உட்கார்ந்தாலும் மொழி தடுப்பதில்லை. மாறியின் தலையில் ஒரு பிரைம் போட்டு இருப்பு' என்று எழுத வேண்டும். மாறாத மாறிகளையும் ‘மாறவில்லை’ என்று சொல்ல வேண்டும், ஒன்றை விட்டால் அதைச் சரிபார்க்கும் டிஎல்சி கருவி நின்றுவிடுகிறது. பிழை பிடிக்கவென்றே வந்த கருவியில் டைப்பை ஏன் விட்டார்கள்? இதை உருவாக்கிய லாம்போர்ட் ஒரு நிரல்மொழி மாதிரியே செய்திருக்கலாமே?

கணக்கு டீச்சர்:
இதை நிரல்மொழியாகப் படிப்பதுதான் சிக்கல். லெஸ்லி லாம்போர்ட் முனைவர் பட்டம் வாங்கியது கணிதத்தில், 1972இல். அவருக்கு ஸ்பெசிஃபிகேஷன் (அமைப்பு எப்படி நடக்க வேண்டும் என்ற விவரிப்பு) என்பது ஓடுகிற பொருள் இல்லை, ஒரு சூத்திரம். இருப்பு' = இருப்பு - தொகை என்றால் ‘கழித்து வை’ என்று கட்டளையிடவில்லை. இப்போதைய நிலையின் இருப்புக்கும் அடுத்த நிலையின் இருப்புக்கும் என்ன உறவு என்று சொல்கிறீர்கள், அவ்வளவுதான். உறவில் பேர் வராத மாறி அடுத்த நிலையில் எந்த மதிப்பையும் எடுக்கலாம், அதனால்தான் மாறவில்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

டைப் விஷயத்துக்கு வருகிறேன். அடித்தளம் சாதாரண கணக் கோட்பாடு. ‘இருப்பு எப்போதும் இயல் எண்களின் கணத்தில் இருக்கும்’ என்பதை டைப்ஓகே என்று ஓர் இன்வேரியண்டாக (எல்லா நிலையிலும் உண்மையாக இருக்க வேண்டிய கூற்றாக) எழுதிவிட்டால் டிஎல்சி சரிபார்த்துவிடும். ஜாவா டைப்பில் சொல்ல முடியாததையும் அதே வரியில் சொல்லலாம்: இருப்பு கடன் வரம்புக்குள் இருக்கும், பட்டியலில் எந்த எண்ணும் இரண்டு முறை வராது, இப்படி. இசட் என்கிற இன்னொரு ஸ்பெசிஃபிகேஷன் குறியீட்டு முறையில் டைப் உண்டு, ஆக இது எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு இல்லை. ஸ்பெசிஃபிகேஷன் மொழிக்கு டைப் வேண்டுமா என்று லாம்போர்ட்டும் இசபெல் என்ற தேற்ற நிரூபணக் கருவியை உருவாக்கிய லாரன்ஸ் பால்சனும் 1999இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள்.

பழைய பிழைதேடி:
டீச்சர் சொன்னது சரி. ஆனால் இதன் ஆணிவேர் டைப் இல்லை, டெம்போரல் லாஜிக்கை (‘எப்போதும்’, ‘என்றாவது’ என்று காலத்தைப் பற்றிப் பேசும் தர்க்கத்தை) லாம்போர்ட் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்தினார் என்பது. அமீர் நுவேலி 1977இல் அதைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தார். அப்புறம் லாம்போர்ட் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது, உடன் வேலை செய்தவர்கள் ஒரு சாதாரண ஃபிஃபோ வரிசையை (முதலில் வந்தது முதலில் போகும் வரிசையை) அதில் விவரிக்க நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். பண்பு பண்பாக எழுதிக்கொண்டே போனார்கள், எழுதியது போதுமா என்றே தீர்மானிக்க முடியவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் இந்தப் பக்கம் திரும்பினார்: தொடக்க நிலை எது, ஓர் அடியில் என்னென்ன மாறலாம், இந்த இரண்டும்தான் ஸ்பெசிஃபிகேஷனின் உடம்பு. டெம்போரல் குறிகள் ஓரத்தில் கொஞ்சம்.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஸ்டட்டரிங், அதாவது எதுவும் மாறாத அடியையும் அனுமதிப்பது. வங்கியில் டோக்கன் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மட்டத்தில் 41 போய் 42 வருவது ஒரே அடி. உள்ளே பார்த்தால் ஊழியர் பொத்தானை அழுத்துகிறார், செய்தி போகிறது, பலகை மாறுகிறது, மூன்று அடி. முதல் இரண்டிலும் டோக்கன் எண் அப்படியே நிற்கிறது. ‘எதுவும் மாறாத அடி எப்போதும் அனுமதி’ என்று மேல்மட்ட விவரிப்பு வைத்திருப்பதால், உள்மட்ட விவரிப்பு அதை நிறைவேற்றுகிறது என்பதை வெறும் ‘இது உண்மையென்றால் அதுவும் உண்மை’ என்கிற தர்க்கத்தாலேயே காட்ட முடிகிறது. இதற்காகவேதான் டெம்போரல் லாஜிக்கில் வழக்கமாக இருக்கும் ‘அடுத்த தருணத்தில்’ என்ற குறியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அது இருந்தால் அடிகளை எண்ண ஆரம்பித்துவிடுவோம்.

நிரல் மாதிரி வேண்டுமென்றால் பிளஸ்கால் என்ற மொழி இருக்கிறது, ஃபைலில் கமெண்டுக்குள் எழுதினால் டிஎல்ஏ பிளஸ்ஸாக மாற்றித் தரும். நடைமுறையில் எடுபடுமா என்ற சந்தேகம் வேண்டாம், அமேசானில் டைனமோடிபி தரவுத்தளத்தைச் சோதித்தபோது டிஎல்சி பிடித்த ஒரு பிழைக்கு மிகக் குறுகிய பாதையே 35 அடி. கோட் ரிவ்யூவில் உட்கார்ந்து யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வரிசைக்குறி:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி அண்ணா. டைப்ஓகே எழுதிவிட்டு நேற்று ராத்திரி எங்கள் டிசைனை ஓட்டினேன், 9 அடியில் அதே பிழை வந்து நின்றது: டைம்அவுட் ஆன பிறகு பழைய பதில் தாமதமாக வருகிறது, அதற்குள் மறுமுயற்சி கிளம்பிவிடுகிறது. ஒரு சந்தேகம். எதுவும் மாறாமல் நிற்பது எப்போதும் அனுமதி என்றால், என் சேவை ஒன்றுமே செய்யாமல் கடைசிவரை நின்றாலும் சரி என்றாகிவிடாதா?

பழைய பிழைதேடி:
ஆமாம், அப்படித்தான் ஆகும். ‘தப்பு நடக்காது’ என்பதும் ‘நடக்க வேண்டியது நடக்கும்’ என்பதும் இதில் தனித்தனி. இரண்டாவதற்கு ஃபேர்னஸ் நிபந்தனையை நீங்களே சேர்க்க வேண்டும். வீக் ஃபேர்னஸில் (தொடர்ந்து நடக்க முடிகிற அடி என்றாவது நடந்தே தீரும் என்பதில்) ஆரம்பியுங்கள், பதில் அனுப்பும் அடிக்கு மட்டும். பயனர் பொத்தானை அழுத்தும் அடிக்குப் போட்டுவிடாதீர்கள், அவர் அழுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.