கமரா மதிப்புரைகளில் எதை நம்புவது?

உப்புவெளி வாசகர்:
வணக்கம். கோணேசர் கோயில் மாலைப் பூசையைப் படமெடுக்க ஒரு கமரா வாங்க எண்ணுகிறேன். ஒரே கமராவை ஒருவர் இருளில் சிறந்தது என்கிறார்; மற்றவர் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவை 3200இல் வைத்தாலே படம் புள்ளி புள்ளியாகிறது என்கிறார். இவர்களில் யார் பொய் சொல்கிறார்?

மறுமொழி 1:
இருவரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம், தம்பி. கமரா தானே புள்ளிகளை மழுப்பித் தரும் ஜேபெக் படத்தை ஒருவர் கைபேசித் திரையில் பார்த்திருப்பார். மற்றவர் அப்படி மழுப்பாத மூலப் பதிவான ரோ கோப்பை நூறு வீதம் பெருப்பித்துப் பார்த்திருப்பார். அதோடு, ஒளியைப் பதியும் பெரிய 36×24 மில்லிமீற்றர் உணரிக்குப் பழகிய கண்ணுக்குச் சிறிய உணரியின் படம் குறையாகவே தெரியும். மூலக் கோப்பைத் தரவிறக்கத் தருபவரையே நான் நம்புவேன்.

மறுமொழி 2:
கருத்து வேறுபாடு வேறு, மறைப்பு வேறு. இலவசமாகக் கிடைத்த கமரா என்பதைச் சொல்லாமல் புகழ்வது வாசகரை ஏமாற்றுவதே. அப்படியொரு புகழுரையை நம்பி நான் வாங்கிய கமராவின் பொத்தான்கள், நிலாவெளிக் கடற்காற்றில் ஐந்தே மாதத்தில் உப்பேறி இறுகிவிட்டன. எந்தக் காலநிலையையும் தாங்கும் என்று எழுதியவர் அதை இரண்டு நாள்தான் வைத்திருந்தார் என்பது பிறகே தெரிந்தது.

உப்புவெளி வாசகர்:
நன்றி, அண்ணா. கடையில் என் நினைவக அட்டையைப் போட்டு, விளக்கை அணைக்கச் சொல்லி, நானே நாலு படம் எடுத்துப் பார்க்கிறேன்.