கம்மாக்கரை வழியா போவோம், நாலுவழி ரோடு வேணாம்

குழு: நம்ம வீட்டு ஆளுக

கதிர், இரவு 8:14
தை பொறந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எல்லாருமா சைக்கிள்ல யானைமலை பக்கம் போலாமா? ஒத்தக்கடையில ஆரம்பிச்சு நரசிங்கம், அங்கிட்டு திருமோகூர், அப்படியே திருவாதவூர். போக வர 30 கிலோமீட்டர் சுத்தி வரும். ஏத்தம்னு பெருசா எதுவும் கிடையாது, மலையெல்லாம் நம்மளுக்கு பக்கவாட்டுலயே வரும், ரோடு வயலுக்கு நடுவுல தரையோட தரையா போகும்

யாழினி, 8:16
அண்ணே நான் வர்றேன். எனக்கு கியர் சைக்கிள் இல்லையே பரவால்லயா

கதிர், 8:17
தாராளமா வா. அந்த ரோட்டுக்கு கியரே தேவையில்ல, பிரேக் நல்லா பிடிக்கணும், சீட்டு உன் உயரத்துக்கு ஏத்தி வச்சிருக்கணும், அது போதும்

பாண்டி மாமா, 8:21
மாப்ளே இம்புட்டு தூரம் வெள்ளன எந்திரிச்சு போறோம், அப்படியே மேலூர் ரோட்டப் பிடிச்சு அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவுன்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிரலாம்ல. ரோடு சூப்பரா இருக்கு, சைக்கிள் பறக்கும்

கதிர், 8:33
மாமா அந்த ரோடுதான் எனக்கு வேணாம்னு தோணுது. நாலுவழி ரோட்டுல பஸ்ஸும் லாரியும் உரசிட்டு போகும்போது நம்ம கண்ணு முழுக்க கண்ணாடி பக்கமும் ரோட்டோரத்துலயும்தான் இருக்கும், யானைமலை நம்ம பக்கத்துலயே நீளமா படுத்திருந்தாலும் ஒரு தடவை நிம்மதியா திரும்பி பாக்க முடியாது. அதே மலையை நரசிங்கம் பக்கம் இருந்து காலையில பாத்தீங்கன்னா ஊரு தூங்கி எந்திரிக்கிற சத்தம் தவிர ஒண்ணும் இருக்காது, பாறை நிறம் மாறுறத நின்னு பாக்கலாம். இன்னொண்ணு, பத்து மணிக்கு மேல பாறை கொதிக்க ஆரம்பிச்சிரும். ஒரே நாள்ல எல்லா மலைக்கும் போனா மூணாவதுலயே எல்லாரும் நிழல் எங்கன்னு தேடுவோம், கல்வெட்டையும் சிற்பத்தையும் யாரு பாப்பா? அதனால ரெண்டு காலையா பிரிச்சுக்குவோம். முதல்ல யானைமலை, மோகூர், வாதவூர். இன்னொரு ஞாயிறு மாங்குளம், அரிட்டாபட்டி

பாண்டி மாமா, 8:35
சரி மாப்ளே. கீழவளவு?

கதிர், 8:35
அது தனியா பாத்துக்கலாம் மாமா

பெரியப்பா, 8:52
கதிரு நல்ல யோசனை. நரசிங்கத்துல யோகநரசிங்கர் குடைவரை பாக்காம யாரும் வந்துறக்கூடாது. பாண்டியன் நெடுஞ்சடையன் கிட்ட அமைச்சரா இருந்த மாறன்காரிங்கிறவரு வெட்ட ஆரம்பிச்சது. கல்வெட்டுல கலியுக ஆண்டு 3871னு போட்டிருக்கு, நம்ம கணக்குல கி.பி. 770. அவரு வேலை முடியுறதுக்குள்ள இறந்து போயிட்டாரு, அவரு தம்பி மாறன் எயினன் அதே பதவிக்கு வந்து முன்மண்டபம் செஞ்சு முடிச்சாரு. அண்ணன் ஆரம்பிச்சத தம்பி முடிச்ச கோயில். நான் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கும்போது பசங்களுக்கு வருஷம் மனசுல நிக்காது, ஆனா இந்த அண்ணன் தம்பி விஷயத்த எவனும் மறந்ததில்ல

ராணி அத்தை, 8:55
அண்ணே நீங்க சொன்னா கேட்டுக்கிட்டே இருக்கலாம். அங்க பக்கத்துலயே முருகன் குகைக்கோயில் ஒண்ணு இருக்குல்ல

பெரியப்பா, 8:58
ஆமா ராணி, லாடன் கோயிலும்பாக. உள்ள முருகனும் தெய்வானையும் இருக்காக. அதுக்கு மேல மலையில சமணச் சிற்பங்கள், அச்சணந்திங்கிற சமண முனிவர் பேரும் அங்க இருக்கு. பெருமாள், முருகன், சமணர் மூணுமே ஒரே மலையில, எல்லாம் நடந்து போற தூரத்துல

தீபா, 9:05
தம்பி, முகில் கேட்டுக்கிட்டே இருக்கான் நானும் வருவேன்னு. பதினோரு வயசுப் பையன் 30 கிலோமீட்டர் மிதிப்பானா? அதோட ஒத்தக்கடையில அந்த ரோட்ட எப்படிடா கிராஸ் பண்றது, நினைச்சாலே எனக்கு பக்குங்குது

கதிர், 9:19
அக்கா அவன் நிச்சயம் மிதிப்பான், நடுவுல மூணு இடத்துல நல்லா நின்னு நின்னு போறோம். ஒரே மூச்சுல மிதிக்கப் போறதில்ல. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம்னு வச்சாலே மிதிக்கிற நேரம் மொத்தம் ரெண்டரை மணி நேரம்தான். ரோட்டை கிராஸ் பண்ற விஷயத்துல நீ சொல்றது நியாயம். மொத்த பயணத்துல பயப்பட வேண்டிய இடம் அது ஒண்ணுதான், அங்க யாரும் ஏறி ஓட்டக்கூடாது, எல்லாரும் இறங்கி சைக்கிளை உருட்டிக்கிட்டு ஒண்ணா சேர்ந்து கடக்கணும், நான் முன்னாடி பாண்டி மாமா கடைசியில. யூடர்ன் தூரமா இருக்குன்னு எதிர்த்திசையில கொஞ்ச தூரம் ஓட்டிரலாம்னு யாராவது சொன்னா அது கூடவே கூடாது. அந்த அஞ்சு நிமிஷம் தாண்டிட்டா மோகூர் ரோடு, அப்புறம் நிம்மதிதான்

தீபா, 9:21
நீ முன்னாடி போ, முகில் உனக்கு அடுத்து, அவனுக்குப் பின்னாடி நான். இப்படின்னா சரி

கதிர், 9:21
அதே மாதிரி அக்கா

யாழினி, 9:30
அண்ணே எத்தன மணிக்கு கிளம்பணும்

கதிர், 9:38
அஞ்சே முக்காலுக்கு ஒத்தக்கடையில நிக்கணும். தை மாசத்துல சூரியன் ஆறரைக்கு மேலதான் வரும், அதனால முதல் முக்கால் மணி நேரம் இருட்டு. முன்னாடி வெள்ளை லைட்டு, பின்னாடி மினுக்குற சிவப்பு லைட்டு எல்லாருக்கும் கட்டாயம், வெளுத்த நிறத்துல சட்டை போட்டுக்கங்க, ஹெல்மெட் முகிலுக்கு மட்டும் இல்ல பெரியவங்களுக்கும்தான்

பாண்டி மாமா, 9:44
பஞ்சர் ஆனா என்ன செய்ய மாப்ளே, அங்கிட்டு பூராம் சீமைக்கருவேலதான

கதிர், 9:57
அதான் மாமா முக்கியம். கம்மாக்கரையில கருவேலத்த வெட்டிப் போட்டிருந்தாங்கன்னா அந்த முள்ளு டயரைத் தாண்டி ட்யூபுக்குள்ள போயிரும், மேல பாத்தா தெரியவே தெரியாது. அதுக்கு நான் செய்யிறது இதுதான், வெட்டிப் போட்ட இடம் கண்ணுல பட்டா இறங்கி சைக்கிளைத் தூக்கிட்டு போயிருவேன், ஓட்ட மாட்டேன். ஆளுக்கு அவங்க வீல் சைஸுக்கு ஒரு ட்யூப் எடுத்துக்கங்க, பம்பும் ஒட்டுப் போடுற சாமானும் என் பையில இருக்கும். பஞ்சர் ஆனதும் புது ட்யூப் போடுறதுக்கு முன்னாடி டயரோட உள்பக்கம் முழுக்க விரல வச்சு மெதுவா தடவிப் பாத்து அந்த முள்ளை எடுத்தாத்தான் உண்டு, இல்லன்னா அடுத்த ட்யூபும் அதே இடத்துல போயிரும். மெலிசான டயர் சைக்கிள் வச்சிருக்கவங்க கொண்டு வராதீங்க, மண்ணு ரோட்டுல வழுக்கும். கொஞ்சம் அகலமான டயரா இருந்து காத்து கல்லு மாதிரி இல்லாம லேசா கம்மியா இருந்தா கை வலிக்காது

பெரியப்பா, 10:02
என் பழைய சைக்கிள்ல டயர் அகலம்தான். எனக்கு ஆகுமாடா?

கதிர், 10:04
பெரியப்பா நீங்க தினமும் மார்க்கெட்டுக்கு அதுலதான போறீங்க, எங்க எல்லாரையும் விட உங்களுக்குத்தான் பழக்கம் அதிகம். பிரேக் கட்டை மட்டும் புதுசு போட்டுருவோம், சனிக்கிழமை நான் வீட்டுக்கு வர்றேன்

பெரியப்பா, 10:05
வா வா

யாழினி, காலை 7:10
அண்ணே பைனாகுலர் எடுத்துட்டு வரவா, பறவை எதுவும் தெரியுமா அந்தப் பக்கம்

கதிர், 7:26
கண்டிப்பா எடுத்துட்டு வா. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு கம்மாயெல்லாம் நிறைஞ்சிருக்கிற நேரம் இது, திருவாதவூர் பெரிய கம்மாய்க் கரையில நின்னாலே உனக்கு பொழுது போயிரும். ஆனா பறவைக்குன்னே போகணும்னா ரெண்டாவது பயணம்தான், அரிட்டாபட்டி. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டுலயே முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்கள்ல, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேர் சொச்சம். அங்க 250 வகை பறவை பக்கத்துல கணக்கு எடுத்திருக்காங்க, லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு எல்லாம் அந்தப் பாறை இடுக்குலதான் இருக்கு. சுத்தி ஏழு குன்று, நிறைய கம்மாய், பாறையில இருந்து கசியுற ஊத்து, ஒரு குன்றுல விழுற மழை சின்ன ஓடையா இறங்கி ஒரு கம்மாயில நிறைஞ்சு மறுகால் பாஞ்சு அடுத்த கம்மாய்க்கு போகும். அந்தக் கரை மேலதான் நம்ம சைக்கிள் போகப்போகுது

பாண்டி மாமா, 7:31
டங்ஸ்டன் எடுக்கப் போறோம்னு சொன்னாங்களே அந்த இடம்தான மாப்ளே

கதிர், 7:35
அதேதான் மாமா. 2024 நவம்பர்ல ஏலம் விட்டாங்க, ஊர் ஊரா மக்கள் கிளம்பி மதுரை வரைக்கும் பேரணியா வந்தாங்க, 2025 ஜனவரியில மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து பண்ணிருச்சு. அந்த கம்மாக்கரையில ஒரு தடவை மிதிச்சுப் பாத்தா அந்த ஊர்க்காரங்க எதுக்கு அப்படி நின்னாங்கன்னு யாரும் எடுத்துச் சொல்லாமயே புரியும். எனக்கு நம்ம வீட்டுப் பிள்ளைங்க அதைப் பாக்கணும்னு ரொம்ப ஆசை

பெரியப்பா, 8:20
அரிட்டாபட்டி குடைவரையில லகுலீசர் சிற்பம் இருக்கு, சிவனோட ஒரு வடிவமா கும்பிடுறவரு, தமிழ்நாட்டுல அபூர்வமாத்தான் பாக்க முடியும், முகிலுக்கு காட்டணும். மீனாட்சிபுரம் மலையில இருக்கிறதத்தான் மாங்குளம் கல்வெட்டுன்னு சொல்றது. 1882ல ராபர்ட் சுவெல் கண்டுபிடிச்சாரு, ஆனா அதுல நெடுஞ்செழியன் பேரு இருக்குன்னு ஐராவதம் மகாதேவன் படிச்சுச் சொன்னது 1960கள்லதான். கணிநந்தாசிரியன்னு ஒரு சமண முனிவருக்கு நெடுஞ்செழியனோட அதிகாரி கடலன் வழுதி பள்ளி, அதாவது தங்குற குகை, வெட்டிக் குடுத்த செய்தி அது. வெள்ளறை நிகமம்னு வணிகக் குழு பேரும் வருது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. ராசா, அதிகாரி, வியாபாரி, துறவி நாலு பேரும் ஒரே பாறையில

யாழினி, 8:24
பழைய காலத்து எழுத்துல எழுதியிருக்குமே அப்பா, நம்மளால படிக்க முடியுமா

பெரியப்பா, 8:29
தமிழிதாம்மா, தமிழ் பிராமின்னும் சொல்லுவாக, நம்ம பழைய எழுத்து. மொத்தம் முப்பது எழுத்துக்குள்ள பழகினா போதும். க, த, ம, ன இதெல்லாம் ஒரு சாயங்காலத்துல சொல்லித் தர்றேன். ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காருவோம், முகிலையும் கூட்டிட்டு வரச்சொல்லு தீபாவ

கதிர், 8:33
இதைவிட என்ன வேணும். எழுத்தைப் பாக்க நேரமும் முக்கியம். பெரியப்பா சொன்ன மாதிரி பழகிட்டு போனாலும் உச்சி வெயில்ல பாறை வெளுத்துப் போயிரும், வெயில் சாஞ்சு விழும்போதுதான் வெட்டின கோடு நிழலோட எடுப்பா தெரியும். ஒரு விஷயம், போட்டோவுக்கு நல்லா தெரியணும்னு யாரும் சாக்பீஸ வச்சு எழுத்து மேல தேய்க்கக் கூடாது. எத்தனையோ இடத்துல அப்படி தேச்சு வச்சிருக்காங்க, பாக்க மனசு கஷ்டமா இருக்கும்

ராணி அத்தை, 8:41
சாமிகளா நான் சைக்கிள் ஓட்டத் தெரியாதவ, நான் என்ன செய்யிறது. மோகூர்ல காளமேகப் பெருமாளையும் சக்கரத்தாழ்வாரையும் பாத்து வருஷமாச்சு

கதிர், 8:44
அத்தை நீங்க பஸ்ஸுல நேரா மோகூர் வந்துருங்க, நாங்க அங்க உங்கள பாக்குறோம். சேர்ந்து சாமி கும்பிட்டுட்டு நாங்க வாதவூர் கிளம்புவோம்

ராணி அத்தை, 8:46
வாதவூருக்கும் நான் வருவேன்ப்பா. மாணிக்கவாசகர் பிறந்த ஊரு, பக்கத்துல வந்துட்டு அந்தப் பிள்ளைய பாக்காம எப்படி திரும்புறது. மோகூர்ல ஒரு ஆட்டோ பிடிச்சா வரமாட்டாரா

பெரியப்பா, 8:50
வருவாரு ராணி. கபிலரும் அந்த ஊருதான்னு சொல்லுவாக. திருமறைநாதர் கோயில் மத்தியானம் நடை சாத்துறதுக்கு முன்னாடி போயிரணும். கம்மாய்க்குள்ள கல்தூண் மேல புருஷாமிருகம் நிக்கும், மனுச முகமும் மிருக உடம்பும் உள்ள சிலை, அதையும் பாரு. ஊருக்குப் பக்கத்துல ஓவாமலையிலயும் தமிழிக் கல்வெட்டு இருக்கு

தீபா, 9:02
தம்பி கோயிலுக்குள்ள சைக்கிள் ஓட்டுற அரை டவுசரோட போக முடியாதே

கதிர், 9:07
பையில ஒரு வேட்டியோ பேண்ட்டோ மடிச்சு வச்சுக்கங்க அக்கா, மேல கட்டிக்கிட்டா முடிஞ்சது. தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர். செண்ட்டு யாரும் போட்டுட்டு வராதீங்க, இந்த மாதிரி மலைப்பாறையில மலைத்தேனீ கூடு கட்டும், அது கிட்ட சத்தமும் போடக்கூடாது கல்லும் எறியக்கூடாது, முகில்கிட்ட இதை நல்லா சொல்லிருங்க. கிராமத்துக்குள்ள நாய் துரத்துனா வேகமா மிதிக்க வேணாம், இறங்கி சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவுல வச்சு நடந்தா அது பாட்டுக்கு போயிரும்

பாண்டி மாமா, 9:15
மாப்ளே மாங்குளத்துக்கு போகும்போது சைக்கிளை எல்லாம் குட்டியானையில ஏத்திக்கலாமா, அழகர்கோயில் ரோடு வரைக்கும்? நான் வண்டி சொல்றேன்

கதிர், 9:20
ரொம்ப நல்லது மாமா. அங்க இறங்கி பெரியாறு கால்வாய்ப் பக்கம் உள்ள ரோடு கிடைச்சா அதுலயே போவோம். 1895ல பென்னிகுக் கட்டுன அணைத் தண்ணிதான் இம்புட்டு தூரம் வந்து மேலூர் வயலை நனைக்குது, தண்ணி ஓடுற நாள்ல அந்தக் கரையில மிதிக்கிறதுக்கு ஈடா எனக்கு வேற ரோடு தெரியல. நான் முன்னாடியே ஒரு நாள் தனியா போயி எந்த இடத்துல மண்ணு, எந்த இடத்துல தார்னு பாத்துட்டு வந்துடுறேன்

பாண்டி மாமா, 9:21
தனியா ஏன், நானும் வர்றேன்

ராணி அத்தை, 9:30
மோகூருக்கு எத்தன மணிக்கு வருவீங்க கதிரு, நான் கோயில் வாசல்ல நிக்கணும்ல

கதிர், 9:32
நரசிங்கத்துல பெரியப்பா எல்லாத்தையும் சொல்லி முடிக்கணும் அத்தை, எட்டு மணின்னு வச்சுக்கங்க

பெரியப்பா, 9:34
எட்டரைன்னு சொல்லுடா