மனநோய்க்கு டிசெபிலிட்டி பென்ஷன்: 2012-ல் ராணுவத்திலிருந்து வெளியே வந்தவருக்கு இன்னும் கிடைக்கவில்லை, இனி முடியுமா?

கேட்டவர்: நாயக்கின் மனைவி

அண்ணன்களுக்கு வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரர் 1995-ல் இன்ஃபன்ட்ரியில் சேர்ந்தார். 2012-ல் நாயக் பதவியில் இருக்கும்போது, மெடிக்கல் கேட்டகரி குறைந்துவிட்டது, ஷெல்டர்டு அப்பாயின்ட்மென்ட், அதாவது உடல்நிலைக்கு ஏற்ற இலகுவான வேலை, எதுவும் இல்லை என்று நோட்டீஸ் கொடுத்து 17 வருடத்தோடு அனுப்பிவிட்டார்கள். நோய் டிப்ரஷன். வெளியே அனுப்பும்போது பரிசோதிக்கிற ரிலீஸ் மெடிக்கல் போர்டு, பாதிப்பு 40 சதவீதம், ஆயுளுக்கும் என்று போட்டது. ஆனால் அதே போர்டு, இந்த நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை என்று எழுதிவிட்டது. சர்வீஸ் பென்ஷன் மட்டும் வருகிறது. நோய்க்காகக் கூடுதலாகத் தரும் டிசெபிலிட்டி எலிமென்ட் என்று இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை.

2013-ல் முதல் அப்பீல் போட்டோம். அடுத்த வருடம் ஒரே ஒரு பக்கத்தில் நிராகரித்துக் கடிதம் வந்தது. பீஸ் ஸ்டேஷனில், அதாவது சண்டைப் பகுதி அல்லாத முகாமில், இருக்கும்போது நோய் தொடங்கியது என்ற ஒரு வரிதான் அதில் காரணம். அந்தக் கடிதத்தை அவர் நின்றபடியே படித்தார், மடித்தார், யூனிஃபார்ம் வைத்திருக்கிற டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். ரெண்டாவது அப்பீல் போடலாம் என்று நான் கேட்டுக் கேட்டு ஆறு மாதக் கெடுவும் தாண்டிப்போனது. 2019-ல் ஒருவர் சொல்லி மறுபடி எழுதிப் போட்டோம், பதிலே இல்லை.

உண்மையில் அவருக்குத் தூக்கம் போனது 2008-ல், காஷ்மீரில் இருக்கும்போது. அந்த வருடம் லீவில் வந்தவர் கட்டிலில் படுக்கவே இல்லை. நாற்காலியைக் கதவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். இன்றைக்கும் அப்படித்தான். மறு வருடம் யூனிட் கீழே பீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது, அங்கேதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த இடமும் நோய் வந்த இடமும் ஒன்றாகிவிடுமா அண்ணா?

இப்போது ரிஜிஸ்டர் தபால் எது வந்தாலும் அவர் கை நடுங்குகிறது. கையெழுத்து கோணிப்போய், போஸ்ட்மேன் ரெண்டாவது தடவை போடச் சொல்வார். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், “பைத்தியம்னு எழுதி வாங்கிட்டு அதுக்குக் காசும் கேட்கணுமா” என்கிறார். இத்தனை வருடம் கழித்து கேஸ் போட முடியுமா? அவருக்குப் பதில் நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: ஹவில்தார், சிக்னல்ஸ், ரிட்டயர்டு

தங்கச்சி, முடியும். நான் வாங்கியிருக்கிறேன். எனக்கு ஒன்பது வருடம் ஆனது, அதில் ஆறு வருடம் நானே வீணாக்கியது, ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்த டிரங்குப் பெட்டியைத் திறக்க வையுங்கள். ரிலீஸ் மெடிக்கல் போர்டு காகிதம், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 16, உள்ளே இருக்கிறதா பாருங்கள். நிறைய பேரிடம் கடைசிப் பக்கம் மட்டும்தான் இருக்கும். அது போதாது, முழுசும் வேண்டும். முன்பக்கங்களில் எந்தெந்த ஸ்டேஷனில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார் என்று அட்டவணை வரும், ஒவ்வொன்றுக்கும் நேரே பீஸ் என்றால் பி, ஃபீல்டு, அதாவது ஆபரேஷன் நடக்கிற பகுதி, என்றால் எஃப் என்று போட்டிருப்பார்கள். காஷ்மீர் வருடங்களுக்கு நேரே எஃப் இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு எத்தனை மாதம் முன்பு அது முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதே ஃபார்மில், இந்த நோய் சர்வீஸில் சேரும் முன்பே இருந்ததா என்று ஒரு கேள்வி வரும். அநேகமாக ‘இல்லை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். சேரும்போது இல்லாத நோய், சர்வீஸில் வந்த நோய், சர்வீஸுக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்று மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதிவிட்டு ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருப்பார்கள். கேஸ் நிற்பதே அந்த இடத்தில்தான்.

அடுத்து, இது சைக்கியாட்ரி கேஸில் மட்டும் இருக்கிற காகிதம், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மனநல டாக்டரிடம் அனுப்பும்போது கமாண்டிங் ஆபீசர் ஒரு ரிப்போர்ட் கொடுப்பார், ஃபார்ம் 10 என்று சொல்வோம். ஆள் முன்பு எப்படி வேலை செய்தான், எப்போதிலிருந்து மாறினான், குடி உண்டா, வீட்டில் பிரச்சினை உண்டா, எல்லாம் அதில் இருக்கும். என் ஃபார்ம் 10-ல் ‘இந்த ஆபரேஷனுக்கு முன்னால் எந்தக் குறையும் இல்லை’ என்று என் சி.ஓ. எழுதியிருந்தார். அதைப் படிக்கும்வரை என் யூனிட்டே என்னைக் கழித்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இவை எல்லாவற்றையும், சிப்பாய்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமை மனு, போட்டுக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும், மருத்துவக் காகிதம் என்பதால் வேறு யாராவது கேட்டால் அந்தரங்கத் தகவல் என்று தள்ளிவிடுவார்கள். சேரும்போது நடந்த மெடிக்கல், போர்டு முழு நடவடிக்கை, ஃபார்ம் 10, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், ஃபர்ஸ்ட் அப்பீல் நிராகரித்த ஃபைல் குறிப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ‘மெடிக்கல் டாக்குமென்ட்ஸ்’ என்று மொத்தமாகக் கேட்டால் ரெண்டு பக்கம்தான் வரும்.

பதில்: வழக்கறிஞர், பென்ஷன் வழக்குகள்

ஹவில்தார் சார் சொன்னது சரி. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன் அம்மா.

தாமதம் கேஸைக் கொல்லாது, ஆனால் பணத்தைத் தின்றுவிடும். ராணுவத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது ஏ.எஃப்.டி.க்கு, நிராகரிப்பு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது விதி. பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுகிற விஷயம் என்பதால் தாமத மன்னிப்பு மனுவோடு வரும் டிசெபிலிட்டி கேஸ்களைப் பெரும்பாலும் ஏற்கிறார்கள். ஆனால் 2008-ல் தர்செம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, நிலுவை பொதுவாக மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். 2014-லேயே போட்டிருந்தால் 2012-லிருந்து கணக்கு வந்திருக்கும். உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் தள்ளினால் பின்னால் ஒரு மாதப் பணம் நிரந்தரமாகப் போகிறது, அதை அவரிடம் சொல்லுங்கள்.

இனி தகுதி. 2013 ஜூலையில் வந்த தரம்வீர் சிங் தீர்ப்புதான் இந்தக் கேஸ்களுக்கு அடித்தளம். சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால் ஆள் ஆரோக்கியமாக வந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்கும் பாரம் சிப்பாய் மேல் கிடையாது, இல்லை என்று போர்டு சொன்னால் காரணம் எழுத வேண்டும். மனநோயில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2019-ல் ஸ்கிட்சோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய், பற்றிய ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சிப்பாய்க்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. மனநோயைச் சேர்ப்பு மெடிக்கலில் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம், அதனால் அப்போது குறிப்பு இல்லை என்பது மட்டும் போதாது என்றது. அரசுத் தரப்பு ஒவ்வொரு கேஸிலும் இதைத்தான் காட்டும். அந்த வழக்கின் சிப்பாய் சேர்ந்த சில வருடத்திலேயே வெளியே வந்தவர். உங்கள் வீட்டுக்காரர் 13 வருடம் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்திருக்கிறார், அந்த வித்தியாசம் பெரியது. அப்புறம் 2025 மே மாதம் இன்னொரு ஸ்கிட்சோஃப்ரீனியா வழக்கில், காரணம் சொல்லாத போர்டு அறிக்கையை வைத்து பென்ஷனை மறுக்க முடியாது என்று அதே கோர்ட் சொல்லியிருக்கிறது. பீஸ் ஸ்டேஷன் என்கிற ஒற்றை வரியைத் தீர்ப்பாயங்கள் பல கேஸ்களில் ஒதுக்கித் தள்ளியிருக்கின்றன. பீஸ் ஸ்டேஷனிலும் சிப்பாய்க்கு வேலையும் கட்டுப்பாடும் அழுத்தமும் உண்டு, வீடு அங்கேயும் தூரத்தில்தான்.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும். பாதிப்பு நூறு சதவீதம் என்றால் டிசெபிலிட்டி எலிமென்ட் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 40 என்றால் 12. ஆனால் 20 முதல் 49 வரை உள்ளதை 50 ஆக உயர்த்தும் முறை இருக்கிறது, அதனால் 15 வரும். சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் முடிவாகிவிட்டது. மனுவில் இதைத் தனிக் கோரிக்கையாகவே எழுதுங்கள், எழுதாமல் விட்டு அதற்காக இன்னொரு கேஸ் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள், அவை உங்களுக்குப் பொருந்தாது. யாராவது அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

கையெழுத்து: அவருக்கு விஷயம் புரிகிறது, முடிவெடுக்க முடிகிறது என்றால் அவரே போடுவதுதான் நல்லது. புரியாத நிலை என்று மனநல மருத்துவர் சான்று கொடுத்தால், தீர்ப்பாயத்தின் அனுமதியோடு அவர் சார்பாக நீங்கள் போடலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் புரிகிறது என்றுதான் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் இருந்தால் ஏ.எஃப்.டி. சென்னை அமர்விலேயே போடலாம். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி 1987 சட்டத்திலேயே உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு தடவை கேளுங்கள்.

பதில்: சுபேதார் மகன்

அக்கா, அப்பாவும் இப்படித்தான் இருந்தார். காகிதத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேஸ் நடக்கும்போது தபால் வருகிற நாளும் வாய்தா நாளும் அப்பாவுக்கு மறுபடி 1999 மாதிரி ஆகிவிடும். ரெண்டு நாள் முன்னாலேயே சாப்பிடுவது குறையும். அதனால் தபாலை அம்மா வாங்கி, படித்து, அதில் என்ன இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத்தான் கடிதத்தைக் கையில் கொடுப்பார். கவர் என்றாலே பயம் என்பது அதில் பாதி குறைந்தது. தீர்ப்பாயம் மறுபடி மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினால் அந்த சைக்கியாட்ரி வார்டு வாசலுக்கு மறுபடி போக வேண்டியிருக்கும், அதை இப்போதே சொல்லிவையுங்கள், கடைசி நிமிடத்தில் சொன்னால் அவர் திரும்பி வந்துவிடுவார். எங்கள் அப்பா கேட் வரைக்கும் வந்து திரும்பினார், அடுத்த தேதி கிடைக்க ஏழு மாதம் ஆனது.

மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ். கார்டு இருந்தால் பாலிகிளினிக்கில் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டையெல்லாம் தேதி வாரியாகக் கட்டி வையுங்கள், நோய் இன்னும் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ராத்திரியில் அவர் நிலைமை மோசமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். நீங்களும் உங்களுக்காகவே ஒரு தடவை பேசுங்கள் அக்கா. எங்கள் அம்மாவை நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

கேட்டவரின் பதில்: நாயக்கின் மனைவி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். ஒரு மாதப் பணம் போகிறது என்று வக்கீல் சார் சொன்னதை அப்படியே படித்துக் காட்டினேன். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, மறுநாள் காலையில் பெட்டிச் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆர்.டி.ஐ. பதில் வந்துவிட்டது. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 16-ல், முன்பே இருந்ததா என்ற கேள்விக்கு ‘இல்லை’. காஷ்மீர் வருடங்களுக்கு நேரே எஃப். அது முடிந்து ஆஸ்பத்திரியில் சேர ஐந்தே மாதம். ஃபார்ம் 10-ம் வந்திருக்கிறது, பாதி டைப் அடித்தது, பாதி கையால் எழுதியது. நல்ல ஜவான், பொறுப்பானவர், கடந்த ஃபீல்டு காலத்திலிருந்து தூக்கமில்லை, யாரோடும் பேசுவதில்லை, சென்ட்ரி டியூட்டி முடிந்த பிறகும் போஸ்டை விட்டு இறங்க மறுக்கிறார் என்று இருக்கிறது. இவரிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் ரெண்டு தடவை படித்தார். “சாப் இப்படியா எழுதியிருக்கார்” என்றார், வேறொன்றும் பேசவில்லை. சாயங்காலம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும். கை நடுங்குவதால் இந்தக் கையெழுத்தும் பென்ஷன் புத்தகத்தில் இருக்கிற பழைய கையெழுத்தும் கொஞ்சம்கூட ஒத்துப்போகவில்லை. அதை வைத்து மனுவைத் திருப்பிவிடுவார்களா?

பதில்: வழக்கறிஞர், பென்ஷன் வழக்குகள்

திருப்ப மாட்டார்கள் அம்மா. நோட்டரி முன்னால் போடச் சொல்லுங்கள், கை நடுக்கத்தால் கையெழுத்து மாறியிருக்கிறது என்று பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்து, பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகையும் வையுங்கள். டாக்டர் சீட்டில் கை நடுக்கம் பற்றிக் குறிப்பு இருந்தால் அதன் நகலையும் இணைத்துவிடலாம். ஃபார்ம் 10-ல் கையால் எழுதிய பகுதியை டைப் செய்து கூடவே வையுங்கள், ஒரு சொல்லும் மாற்றாமல். இந்த மாதம் முடிவதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.