ஜெல் கோட் சுருங்கி முதலைத் தோல் மாதிரி ஆகுது – காரணம் என்ன?

கேள்வி – நாகை_பைபர்

அண்ணன்மாருக்கு வணக்கம். 28 அடி மீன்பிடி பைபர் படகு, ஸ்பிரே இல்லாம முழுக்க பிரஷ், ரோலர் வேலைதான். மோல்டுக்குள்ள (படகு அச்சு) ஜெல் கோட் (படகோட வெளித்தோலா வர்ற கலர் ரெசின்) அடிச்சு ஒரு மணி நேரம் விட்டு 450 மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி இழை விரிப்பு) வைக்கிறோம். மேட் நனைஞ்ச கொஞ்ச நேரத்துல ஜெல் கோட் சுருங்கி, மோல்டுல இருந்து கழட்டினா முதலைத் தோல் மாதிரி நிக்குது. சைடுல மேல்பக்கமும், அடியில கீல் (படகு அடியில நீளவாக்குல ஓடுற முதுகெலும்பு) பள்ளத்துலயும்தான் இப்படி. நடுவுல சுத்தமா இருக்கு. வெயில் அதிகம்ங்கிறதால கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கிற திரவம்) கிலோவுக்கு 8 மில்லிதான் விடுறோம். ஜெல் கோட் ஐசோ (ஐசோப்தாலிக்) வகை. கெட்டியா இருந்தா கொஞ்சம் அசிட்டோன் சேர்ப்போம். எதை மாத்தணும்?

பதில் – மோல்டுக்கடை

தம்பி, சுருக்கம்னாலே வேகாத (முழுசா இறுகாத) ஜெல் கோட்டுக்குள்ள மேல வைக்கிற ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன்ங்கிற கரைப்பான் இறங்குதுன்னு அர்த்தம். ஜெல் கோட் உப்பும், போக இடம் இல்லாம மடியும். ஏன் வேகலைங்கிறதுதான் கேள்வி. உங்க விஷயத்துல காரணம் ஒண்ணு இல்ல.

முதல்ல கனம். சைடுல அடிச்ச ஜெல் கோட் கீழ வடியும், மேல்பக்கம் மெலிசாயிடும். மெல்லிய படலத்துல சூடு ஏறாது, அதனால மத்த இடம் வெந்தாலும் அது பச்சையாவே நிக்கும். ஈரமா 0.5 மில்லிமீட்டர் வேணும், அதாவது சதுர மீட்டருக்கு 600 கிராம். மோல்டு பரப்பு 30 சதுர மீட்டர்னா 18 கிலோ உள்ள போயிருக்கணும். 12 கிலோவுல முடிஞ்சிருந்தா எங்கேயோ மெலிசுதான். பிரஷ்ல ஒரே கோட்டா அடிக்காதீங்க. 300 கிராம் நீளவாக்குல, அது இறுகினதும் இன்னொரு 300 குறுக்குவாக்குல. சீப்பு கேஜ் (ஈரப் படலத்தோட கனம் காட்டுற பல்லு வெச்ச அளவி) ஒண்ணு வாங்கி, அடிக்க அடிக்க சைடுல குத்திப் பாருங்க.

அடுத்தது கேட்டலிஸ்ட். 8 மில்லி எடைக்கணக்குல 1 சதவீதம்கூட வராது. ஜெல் கோட்டுக்கு 1.5 முதல் 2 சதவீதம், தராசுல நிறுத்து விடுங்க. குறைச்சா மெதுவா வேகும்னு நினைக்கிறாங்க. கடைசி வரைக்கும் முழுசா வேகாதுங்கிறதுதான் உண்மை. வெயிலுக்குப் பயந்தா கேட்டலிஸ்ட்டைத் தொடாம, காலையில வேலையை ஆரம்பிச்சு மோல்டை நிழல்ல வைங்க. சின்னச் சின்ன வாளியா கலக்குங்க.

அசிட்டோன் வேண்டவே வேண்டாம். அது ஆவியாகும்போது ஊசிக்கண் ஓட்டை விடும். உள்ள மாட்டினது வேகவும் விடாது. அசிட்டோன் பிரஷ் கழுவத்தான். கழுவின பிரஷை நல்லா உதறி உலர்த்தாம ஜெல் கோட்ல முக்கினாலும் இதே கதைதான்.

பதில் – கீல்_வேலை

கீல் பள்ளத்துக்குக் காரணம் வேற. அங்க ஜெல் கோட் தேங்கி கனமாத்தான் இருக்கும். ஆனா ஸ்டைரீன் ஆவி காத்தை விட கனம், பள்ளத்துல போய் உக்காந்துடும், ஜெல் கோட் வேகறதைத் தடுக்கும். மேல காத்தாடி ஓடினாலும் அங்க எட்டாது. மோல்டோட ஒரு முனையில் இருந்து கீல் வழியா மெதுவா காத்து போற மாதிரி புளோயர் வைங்க. காத்து நேரா ஜெல் கோட் மேல அடிச்சா மேல்தோல் மட்டும் காயும், அதுவும் தப்பு.

மேட் வைக்கிற நேரத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு பண்ணாதீங்க, விரல் வெச்சுப் பாருங்க. கைக்கு ஒட்டணும், ஆனா விரல்ல கலர் வரக்கூடாது. ஓரத்துல மட்டும் தொட்டா ஏமாந்துடுவீங்க. கீல்லயும் சைடு மேல்பக்கமும் தொடுங்க. ரொம்ப விடவும் கூடாது. ஒரு நாள் தாண்டினா மேட் சரியா பிடிக்காது.

முதல் மேட் 300தான் போடணும், 450 இல்ல. ரெசின் மேட் எடைக்கு இரண்டரை மடங்கு, அதாவது சதுர மீட்டருக்கு 750 கிராம். இரும்பு ரோலரால காத்தை வெளியேத்தி, அது இறுகின பிறகுதான் அடுத்த 450. எடுத்த எடுப்புல ரெண்டு மூணு லேயர் குவிச்சா ஸ்டைரீனும் சூடும் ஜெல் கோட் மேலதான் இறங்கும். ரோவிங்குக்கு (நெய்த கண்ணாடி இழைத் துணி) ரெசின் அதன் எடைக்குச் சமம் போதும். ஜெல் கோட்டை ஒட்டி ரோவிங் வேண்டாம், நெசவுத்தடம் வெளியே தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில மேட் ரோலை பாலிதீன்ல சுத்தி உலர்ந்த அறையில வைங்க. ஈரம் ஏறின மேட் எவ்வளவு ரோல் பண்ணினாலும் வெள்ளை வெள்ளையா நிக்கும்.

பதில் – நாகை_பைபர்

நன்றி அண்ணா. கழட்டின படகை என்ன பண்றது? ஆக்சிலரேட்டரை (வேகறதைத் துரிதப்படுத்துற கோபால்ட் கரைசல்) கூட்டினா சீக்கிரம் வேகுமா?

பதில் – மோல்டுக்கடை

டின்ல ஏற்கனவே கோபால்ட் கலந்திருக்கான்னு லேபிளைப் பாருங்க. கலந்திருந்தா மேல விடாதீங்க, கலர் கருக்கும். கலக்கணும்னா முதல்ல கோபால்ட்டை ரெசின்ல விட்டு நல்லா கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். ரெண்டையும் நேரடியா சேர்த்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அளவுக்குவளையை ரெண்டுக்கும் வைக்காதீங்க. கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வையே போகும்: கண்ணாடி போடுங்க, தெறிச்சுட்டா உடனே 15 நிமிஷம் தண்ணி ஊத்திக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

சுருங்கின இடத்தை 80 நம்பர் டிஸ்க்ல கெட்டித் தளம் வர்ற வரைக்கும் அரைச்சு எடுங்க. சுருக்கத்து மேலயே பட்டி வெச்சா கடல்ல உரிஞ்சு வரும். பள்ளத்தை ரெசின் பட்டியால நிரப்பி, தேய்ச்சு, ஜெல் கோட் அடிங்க. மோல்டுக்கான ஜெல் கோட் காத்துப்பட்டா மேல பிசுபிசுன்னே இருக்கும். அதனால வேக்ஸ் கரைசல் கலந்து அடிக்கணும், இல்லாட்டி மேல மைலார் ஷீட் (வழவழப்பான பிளாஸ்டிக் தாள்) ஒட்டணும். காய்ஞ்சதும் 220, 400, 800 தண்ணித்தாள் போட்டு, கடைசியா காம்பவுண்ட் (பளபளப்பாக்குற பாலிஷ் பேஸ்ட்).