மாலை போட்டா நிக்குற பீடி, கழட்டுனா ஏன் திரும்புது?

பாரூர்க்காரன்:
எங்க ஊர்ல கார்த்திகை 1 மாலை போட்டவங்க பீடி, சரக்கு, கறி எல்லாத்தையும் ஒரே நாள்ல விடுறாங்க. ஜனவரி 1-ல டைரி வாங்கி சபதம் எழுதறவன் பொங்கல் வரைக்கும்கூட தாங்கறதில்ல. மாலை மாதிரி ஊரறிய எடுத்தாத்தான் நிக்கும்ங்கறது என் கட்சி. மறுக்கறவங்க வாங்க.

ஓசூர் சி ஷிப்ட்:
அண்ணா, மலைக்குப் போய்ட்டு வந்து மாலையக் கழட்டுன அன்னிக்கே பாதிப் பேரு பெட்டிக்கடை வாசல்ல நிக்கறாங்களே, அதை ஏன் சொல்லல? முடியற தேதி தெரிஞ்சதால பல்லக் கடிச்சுட்டு இருந்தான், அவ்வளவுதான்.

பாரூர்க்காரன்:
தம்பி, அத்தன நாள் இருந்தான்ல? எப்படி முடிஞ்சுது? விடியக்காலைல பச்சத்தண்ணி குளியல், கருப்பு வேட்டி, தனிச் சமையல். பாக்கறவன் எல்லாம் "சாமி"ன்னு கூப்பிடறான். அப்படிக் கூப்பிட்டவன் எதுர்ல பீடி பத்த வைக்க கை வருமா? இது மன உறுதி இல்ல, சுத்தி இருக்கற ஏற்பாடு. மாலையோட அந்த ஏற்பாடும் போயிடுது, பீடி வந்துடுது. தப்பு விரதத்து மேல இல்ல.

அரூர் டீச்சர்:
ஏற்பாடுன்னு சொன்னது சரிங்க சார். ஆனா ஊரறியணும்னு எங்க இருந்து வந்துச்சு? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு 96 பேர வச்சு ஆய்வு பண்ணி 2009-ல வெளியிட்டாங்க. தினமும் ஒரே சந்தர்ப்பத்துல, உதாரணமா காலைச் சாப்பாடு முடிஞ்சதும், ஒரு சின்ன வேலையச் செய்யணும். அது யோசிக்காம தானா வர்ற அளவுக்குப் பழக நடுத்தரமா 66 நாள் ஆச்சு. ஆளாளுக்கு 18-ல இருந்து 254 நாள் வரைக்கும் கணக்கு வந்துச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பெருசா ஒண்ணும் கெடல. வாட்ஸப்ல சுத்தற "21 நாள்ல பழக்கமாயிடும்"ங்கறது, மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல எழுதினதுல இருந்து வந்தது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க புது முகத்துக்குப் பழக எவ்வளவு நாள் ஆகும்னுதான் அவர் சொன்னாரு.

பாரூர்க்காரன்:
டீச்சர், காலைல ஒரு டம்ளர் தண்ணி குடிக்கறதும் இருபது வருச பீடியும் ஒண்ணா?

அரூர் டீச்சர்:
ஒண்ணில்லதான். புதுசா ஒண்ணச் சேக்கறது சுலபம், இருக்கறத விடறது கஷ்டம். ஸ்வீடன்ல ஆயிரம் பேருக்கு மேல வச்சு 2020-ல வந்த ஆய்வுலயும் அதேதான். "இதைச் செய்வேன்"னு புத்தாண்டு சபதம் எடுத்தவங்கள்ல 59 சதவீதம் பேர் வருசக் கடைசில ஜெயிச்சதா சொன்னாங்க, "இதை விடுவேன்"னு எடுத்தவங்கள்ல 47. அதான் சொல்றேன், பீடிய விடறேன்னு மட்டும் எடுக்காம அந்த நேரத்துல என்ன செய்யப் போறோம்னு சேத்து எடுங்க.

ஓசூர் சி ஷிப்ட்:
எங்க ரூம்ல வருசா வருசம் "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நடப்பேன்"னு ஒருத்தன் சொல்லுவான். ஷிப்ட் மாறுனா அஞ்சு மணிக்கு அவன் மெஷின் முன்னாடி நிப்பான்! இப்ப, கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்குனா ராமநாயக்கன் ஏரிய ஒரு சுத்து, அப்புறந்தான் ரூம். பகலோ ராத்திரியோ, பஸ் வராம இருக்காது. யார்ட்டயும் சொல்லவும் இல்ல, நடந்துட்டுதான் இருக்கான்.

நர்ஸம்மா கிருஷ்ணகிரி:
குறுக்க வர்றேன். தினமும் நெறயக் குடிக்கறவங்க மாலை போட்டேன்னு சட்டுனு நிறுத்துனா கை நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டரப் பாத்துட்டு நிறுத்துங்க. பீடிக்கு, கட்டு மேலயே போட்டிருக்கற 1800-11-2356-க்கு கூப்பிடுங்க, காசு கிடையாது.

பாரூர்க்காரன்:
நல்லதும்மா. ஆனா தம்பி, உங்க ரூம்காரன் ஒரு நாள் நேரா ரூமுக்கு வந்தா ஏன்னு கேக்க ஆள் உண்டா? மாலைக்கு ஊரே கேக்கும்.

ஓசூர் சி ஷிப்ட்:
ஊர் கேக்கும்னு மூணாவது வருசமா மாலை போடற உங்க பங்காளி, இந்தத் தை மாசம் எங்க நிக்கறாருன்னு பாத்துட்டு சொல்லுங்கண்ணா.